அக்காவைக் கேளுங்க: எதிர் வீட்டுக் கதவு

போன இதழ்ல டெக்சஸ் வாசகி ஒருத்தங்க கேட்ட கேள்விக்கு இடம் பத்தலைனு ரெண்டே வரில பதில் சொல்லி முடிச்சிட்டேன், "அடுத்த மாசம் விரிவா"னு ஒரு வாக்கு வேற குடுத்துட்டேன். அவ்ளோதான், இந்த மாசம் வந்த மெயில், வாய்ஸ் மெசேஜ்ல பாதிக்கு மேல அதே விஷயம்தான், ஆளை ஏமாத்தி மிரட்டி வேலை வாங்கற ஆள் கடத்தல். சரி, மாமியார், சாம்பார் பொடி, கிரீன் கார்டு க்யூ எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கேன். விஷயம் இப்படிங்கறதால இந்தத் தடவை யார் பேரையும் போடலை, ஊர் மட்டும்தான்.

அக்கா, எங்க அபார்ட்மென்ட் எதிர் வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, அம்பது வயசு இருக்கும். குழந்தையைப் பாத்துக்க ஊர்ல இருந்து வந்த சொந்தம்னு சொல்றாங்க. ஆனா அவங்க தனியா வெளில போய் நான் பாத்ததே இல்ல. ஒரு நாள் குப்பை போட வந்தப்ப தமிழ்ல பேசினேன். பாஸ்போர்ட் வீட்டுக்காரங்ககிட்ட இருக்காம், சம்பளம் ஊர்ல குடுத்துடறதா சொல்றாங்களாம், ஊர்ல கேட்டா ஒண்ணும் வரலைங்கறாங்களாம். சொல்லிட்டு பயந்து உள்ள ஓடிட்டாங்க. அந்தக் குடும்பம் எங்க சங்கத்துல ரொம்ப முக்கியமானவங்க. நான் என்ன பண்றது? – இர்விங், டெக்சஸ்

முதல்ல என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்லிடறேன். போய் கதவைத் தட்டி நியாயம் கேக்காதீங்க. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல பேர் போடாமகூட எழுதாதீங்க, நம்ம குரூப்ல பேர் போடாம எழுதினா பத்து நிமிஷத்துல யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, அடுத்த நாளே அந்த அம்மாவை வேற ஊருக்கு மாத்திட்டா நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது.

பண்ண வேண்டியது, 1-888-373-7888 கூப்பிடுங்க. ஆள் கடத்தலுக்குன்னே இருக்கற அமெரிக்காவோட தேசிய உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், 200-க்கு மேல மொழிக்கு ஆள் வச்சு மொழிபெயர்த்துத் தருவாங்க. அது போலீஸ் நம்பரும் இல்ல, இமிக்ரேஷன் நம்பரும் இல்ல, உங்க பேர் சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. "நான் தப்பா நினைச்சிருந்தா?"ங்கற தயக்கம் இருக்கும், எனக்கும் இருந்திருக்கு, ஆனா உறுதியா தெரிஞ்சாதான் கூப்பிடணும்னு எங்கயும் இல்ல, விசாரிக்கிறது அவங்க வேலை. அடிக்கிற சத்தமோ உயிருக்கு ஆபத்தோ தெரிஞ்சா மட்டும் யோசிக்காம 911.

அந்த அம்மாகிட்ட மறுபடி பேச வாய்ப்பு கிடைச்சா, வீட்டு ஆளுங்க இல்லாதப்ப பேசுங்க, அவங்க என்ன விரும்பறாங்கன்னு மட்டும் கேளுங்க. "நான் காப்பாத்தறேன்"னு சொல்லிடாதீங்க, நிறைவேத்த முடியாத வாக்கை அவங்க ஏற்கனவே போதுமான அளவுக்குக் கேட்டாச்சு. உங்க கேள்வில "சங்கத்துல முக்கியமானவங்க"னு ஒரு வரி வருது பாருங்க, அதுக்குத் தனியா வரேன்.

விமானத்துல, விசா வாங்கி, சிரிச்சுக்கிட்டே வந்து இறங்கினவங்களை எப்படி "கடத்தினாங்க"னு சொல்றீங்க? – மில்பிடாஸ்

நல்ல கேள்வி, நம்ம மொழியிலயே இருக்கற சிக்கல் இது. தங்கத்தை ஒளிச்சு வச்சுக் கொண்டு வந்தா கடத்தல், பையனை வேன்ல தூக்கிட்டுப் போனா கடத்தல், விசா முடிஞ்சவனைத் திருப்பி அனுப்பினா நாடு கடத்தல், ஆளை ஏமாத்தி வேலை வாங்கினாலும் ஆள் கடத்தல். ஒரே வார்த்தை எத்தனை வேலை பாக்கும் சொல்லுங்க. அதனால "ஆள் கடத்தல்"னு கேட்டதும் வாயைப் பொத்தித் தூக்கிட்டுப் போற சினிமா சீன்தான் மனசுல ஓடுது.

நம்மகிட்ட இதுக்குப் பொருத்தமான வார்த்தை பழசா ஒண்ணு இருக்கு, கொத்தடிமை. செங்கல் சூளையில, அரிசி ஆலையில முன்பணம் வாங்கினவங்க கதை தமிழ்நாட்டுல யாருக்குப் புதுசு? அவங்களையும் யாரும் தூக்கிட்டு வரலையே, தானாதான் வந்தாங்க, கடன்தான் வெளில விடல. 1976-லயே இந்தியாவுல சட்டம் போட்டு ஒழிச்ச முறை அது, சட்டத்துல மட்டும். அமெரிக்கச் சட்டம் பாக்கறது இதைத்தான்: பலாத்காரம், மோசடி, மிரட்டல், இதுல ஏதோ ஒண்ணை வச்சு ஒருத்தரை விருப்பமில்லாத வேலையில பிடிச்சு வச்சிருக்காங்களா? எப்படி வந்தாங்கங்கறது இரண்டாம்பட்சம், ஏன் போக முடியலங்கறதுதான் கேள்வி.

அக்கா, 2010இல வந்த சன் சீ கப்பல்ல எங்கட சொந்தக்காரர் ஒராள் வந்தவர். பேப்பர் எல்லாத்திலயும் ஆட்கடத்தல் எண்டுதான் எழுதினவை. அப்ப அதுவும் இதுவும் ஒண்டோ? – ஸ்கார்பரோ

இல்லைங்க. 492 தமிழர்களோட பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்த கப்பல் அது. காசு வாங்கிக்கிட்டு எல்லை தாண்டிக் கொண்டு போய் விடறது ஒரு குற்றம், கொண்டு போனதுக்கு அப்புறமும் ஆளை விடாம வச்சுச் சுரண்டறது வேற குற்றம். சன் சீ மேல எழுந்தது முதல் வகைக் குற்றச்சாட்டு. அதுலகூட, அகதிகள் ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிறதையும் மனிதாபிமானத்துல, குடும்பத்துக்காக உதவறதையும் குற்றமாக்க முடியாதுன்னு 2015-ல கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு.

ஆனா முதலாவது இரண்டாவதா மாற ஒரு ராத்திரி போதும். ரோஹிங்யா மக்கள் படகுக்குக் காசு குடுத்துதான் ஏறினாங்க. தாய்லாந்து – மலேசியா எல்லைக் காட்டுல கொட்டடி போட்டு அடைச்சு, வீட்டுக்கு போன் போட்டு இன்னும் பணம் கொண்டான்னு அடிச்சாங்க, 2015-ல அந்தக் காட்டுல புதைகுழிகளைத் தோண்டி எடுத்தப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சது. அந்த வழக்குல 2017-ல தாய்லாந்து நீதிமன்றம் தண்டிச்சவங்கள்ல ஒரு ராணுவ ஜெனரலும் உண்டு, 27 வருஷம். அகதிக்கு நடுவழியில திரும்பிப் போக ஊர் இல்ல, கூப்பிட போலீஸ் இல்ல, அதனாலதான் இந்தக் கும்பல் அவங்களைச் சுத்தியே நிக்குது. கனடாவுல உதவி எண் 1-833-900-1010, உங்க ஊர்ல நாலு பேருக்குச் சொல்லி வைங்க.

அரசாங்கமும் சமூக அமைப்பும் சேர்ந்து வேலை செஞ்சு உருப்பட்ட ஒரு கேஸாவது உண்டா? மேடையில பேசறது நிறைய கேட்டாச்சு. – சான் ஹோசே

உண்டு, ஆனா அது அழகா ஆரம்பிக்கல, அதனாலதான் எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கும். ஊர் எல் மான்டே, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல. பாக்க சாதாரண அபார்ட்மென்ட், சுத்தி முள்கம்பி. உள்ள 72 தாய்லாந்துக்காரங்க, பெரும்பாலும் பெண்கள், தையல் மெஷின் முன்னாடி ஒரு நாளைக்கு 16 மணி நேரத்துக்கு மேல, காவலுக்கு ஆள். சில பேர் ஏழு வருஷமா அந்த வாசலைத் தாண்டல. டிக்கெட் கடன் அடையற வரைக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க, அரிசி பருப்புகூட முதலாளிகிட்டயே கூடுதல் விலைக்கு வாங்கணும், அப்புறம் கடன் எங்க அடையறது? தப்பிச்சா ஊர்ல இருக்கற குடும்பத்தை ஒரு வழி பண்ணிடுவோம்னு மிரட்டல் வேற. தைச்ச துணியெல்லாம் பெரிய பெரிய கடையில தொங்கிச்சு.

1995 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடியக்காலைல அதிகாரிங்க உள்ள போனாங்க. இங்கதான் கவனிக்கணும், தாய்லாந்துக்காரங்களுக்கான தாய் (Thai) சமூக மேம்பாட்டு மையம்னு ஒரு சின்ன அமைப்பு, ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆயிருந்துச்சு, அதோட இயக்குநர் சாஞ்சனிட் மார்ட்டோரெலை முன்னாடியே கூப்பிட்டு வச்சிருந்தாங்க. கதவை உடைக்க போலீஸ் போதும், ஆனா உள்ள நடுங்கிட்டு நிக்கிறவங்ககிட்ட அவங்க பாஷையில பேச யாராவது வேணுமே.

சரி, விடுதலைனு நினைப்பீங்க. இல்ல. இமிக்ரேஷன் துறை அவங்களை நேரா டெர்மினல் தீவுல இருக்கற தடுப்புக் காவலுக்குக் கொண்டு போயிடுச்சு! முள்கம்பில இருந்து கம்பிக்கு. குற்றத்துக்குப் பலியானவங்களை ஏன் அடைக்கிறீங்கன்னு சமூக அமைப்புங்க சண்டை போட்டு வெளில கொண்டு வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அதாவது கூட்டுன்னா எப்பவும் கை குலுக்கறது இல்ல, பாதி நேரம் கூட்டாளி சட்டையைப் பிடிக்கிறதும்தான்.

அப்புறம் தங்க இடம், டாக்டர், வேலை, எல்லாத்துக்கும் ஒவ்வொரு அமைப்பு. ஜூலி சூனு ஒரு இளம் வக்கீல், அப்ப இருபது சொச்சம் வயசு, வீட்டை நடத்தினவங்களோட நிக்காம துணி ஆர்டர் குடுத்த கம்பெனிங்க, கடைங்க மேலயும் கேஸ் போட்டார். "எங்களுக்குத் தெரியவே தெரியாது"ன்னவங்க கடைசியில எல்லாரும் சேர்ந்து 40 லட்சம் டாலருக்கு மேல குடுத்து முடிச்சாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இடம், அதே முதலாளியோட வெளி ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்த லத்தீன் அமெரிக்கப் பெண்களும் அந்த கேஸ்ல சேர்ந்துக்கிட்டாங்க, தாய்லாந்து மொழி அவங்களுக்குத் தெரியாது, ஸ்பானிஷ் இவங்களுக்குத் தெரியாது. இந்த கேஸ் கிளப்பின சூட்டுலதான் 1998-ல ஆள் கடத்தலை ஒழிக்க காஸ்ட் (CAST)னு ஒரு கூட்டமைப்பு லாஸ் ஏஞ்சல்ஸ்ல உருவாச்சு, 2000-ல அமெரிக்கா ஆள் கடத்தலுக்குன்னே தனிச் சட்டம் போட்டதுக்கும் இது ஒரு தூண்டுதல். அந்த ஜூலி சூ 2023-ல அமெரிக்கத் தொழிலாளர் துறையோட பொறுப்பு அமைச்சரா உக்காந்தார்.

நீங்க சமூகம் சமூகம்ங்கறீங்க. நம்ம ஆளை ஏமாத்தறதே நம்ம ஆள்தானே அக்கா? – எடிசன், நியூ ஜெர்சி

இர்விங் வாசகிக்கு வரேன்னு சொன்னேன்ல, இதோ வந்துட்டேன். எல் மான்டேவுல அடைச்சு வச்ச குடும்பமும் தாய்லாந்துக்காரங்கதான். வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. பாஷை தெரிஞ்சவன்தான் நம்ப வைக்க முடியும், ஊர் தெரிஞ்சவன்தான் "உன் தங்கச்சி எந்த ஸ்கூல்னு எனக்குத் தெரியும்"னு மிரட்டவும் முடியும்.

பெர்க்லியில லகிரெட்டி பாலி ரெட்டினு ஒருத்தர், ஊர்ல பாதி வாடகை வீடு அவரோடதுங்கற மாதிரி சொத்து, ரெஸ்டாரன்ட் வேற, ஆந்திராவுல அவர் பேர்ல இன்ஜினியரிங் காலேஜே இருக்கு. 1999 நவம்பர்ல அவரோட ஒரு அபார்ட்மென்ட்ல விஷவாயு பரவி ஆந்திராவுல இருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு செத்துப் போச்சு. சில ஆளுங்க சுருட்டின கார்ப்பெட்டைத் தூக்கி வேன்ல ஏத்தறாங்க, அதுல இருந்து கால் தெரியுது, அந்த வழியா கார்ல போன ஒரு வெள்ளைக்காரம்மா வண்டியை நிறுத்தி சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டாங்க. அப்புறம் பெர்க்லி ஹைஸ்கூல் பத்திரிகை நடத்தின ரெண்டு மாணவிங்க ஒரு சாதாரண கேள்வி கேட்டாங்க, 17 வயசுப் பொண்ணு ஏன் எந்த ஸ்கூல்லயும் படிக்கல? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போய் அடிமை வேலை விஷயத்தை முதல்ல எழுதினது அந்தப் பிள்ளைங்கதான். 2001-ல அவர் குற்றத்தை ஒத்துக்கிட்டார், 97 மாசம் ஜெயில்.

இந்தியக் கடை, இந்திய ரெஸ்டாரன்ட், இந்தியக் குடும்பம் அத்தனை இருக்கற ஊர்ல வாயைத் திறந்தது யாருன்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் நம்மவங்க இளைஞர்கள் சேர்ந்து அசாடானு ஒரு தெற்காசிய அமைப்பு ஆரம்பிச்சு ரோட்டுல இறங்கினாங்க. அதனால நான் சொல்றது, பாஷைக்கு நம்ம ஆள் வேணும், பயமில்லாம கேக்கறதுக்கு நம்ம ஆள் இல்லாதவங்களும் வேணும். முழுக்க நம்மவங்களே இருக்கற கமிட்டில யாராவது ஒருத்தர் அந்த "முக்கியமானவங்க"ளுக்கு சம்பந்தியா இருப்பாங்க.

வெல்டர் வேலை, அமெரிக்கா, ரெண்டு வருஷத்துல குடும்பத்துக்கே கிரீன் கார்டுனு ஏஜென்ட் சொல்றார். 14 லட்சம் கேக்கறார். நம்பலாமா மேடம்? – திருச்சி

நம்பாதீங்க. கத்ரீனா புயலுக்கு அப்புறம் சிக்னல் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனிக்கு மிசிசிப்பி, டெக்சஸ் கப்பல் தளத்துல வேலை செய்ய இந்தியாவுல இருந்து சுமார் 500 வெல்டர், ஃபிட்டர்களைக் கூட்டிட்டுப் போனாங்க, கேரளாக்காரங்க, தமிழ்நாட்டுக்காரங்க எல்லாம் உண்டு. ஆளுக்கு 10,000 டாலர், 20,000 டாலர்னு ஏஜென்ட்டுக்கு, சொன்ன வாக்கு உங்களுக்குச் சொன்ன அதே கிரீன் கார்டு. கிடைச்சது எச்-2பிங்கற தற்காலிக விசா, ஒரு டிரெய்லருக்கு 24 பேர், அதுக்கு மாசம் 1,000 டாலருக்கு மேல சம்பளத்துல பிடித்தம். நிலத்தை வித்துட்டு வந்தவன் எந்த முகத்தோட திரும்பறது? 2008 மார்ச்ல நியூ ஆர்லியன்ஸ் தொழிலாளர் மையத்தோட துணையில நூறு பேர் வரைக்கும் வெளில நடந்து வந்தாங்க, வாஷிங்டன் வரைக்கும் போனாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க. முதல் அஞ்சு பேருக்கு 1.4 கோடி டாலர்னு ஜூரி தீர்ப்பு சொன்னப்ப 2015. ஏழு வருஷம்!

எச்-2பி வேலைக்கு ஆள் சேர்ப்புக் கட்டணம்னு தொழிலாளிகிட்ட ஒரு டாலர்கூட வாங்கக் கூடாதுங்கறது இப்ப அமெரிக்க விதி. இந்திய விதிப்படி பதிவு பண்ண ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இந்திய அரசோட இ-மைக்ரேட் இணையதளத்துல உங்க ஏஜென்ட் பேர் இருக்கான்னு பாருங்க, 14 லட்சம் கேக்கறவர் அங்க இருக்க வாய்ப்பு கம்மி.

புகார் குடுத்தா அவங்களையே திருப்பி அனுப்பிட மாட்டாங்களா? – அட்லாண்டா

அந்தப் பயம்தான் பூட்டு. முள்கம்பியெல்லாம் பழைய காலம், இப்ப "போலீஸ் வந்தா உன்னைத்தான் பிடிப்பாங்க"ங்கற ஒரு வரி போதும். அதனாலதான் 2000 சட்டத்துல ஆள் கடத்தல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குன்னே டி விசானு கொண்டு வந்தாங்க, வருஷத்துக்கு 5,000 வரைக்கும். கிடைச்சா வேலை பாக்கலாம், கணவன், மனைவி, குழந்தைங்களுக்கும் கேக்கலாம், பின்னாடி கிரீன் கார்டுக்கும் வழி உண்டு. நிறைய பேருக்குத் தெரியாதது, பாதிக்கப்பட்டவர்னு அரசு சான்று குடுத்துட்டா அகதியா வந்தவங்களுக்குக் கிடைக்கிற அதே மருத்துவ, பண உதவியெல்லாம் இவங்களுக்கும் உண்டு.

ஆனா நான் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். காத்திருப்பு நீளம், விசாரணைக்கு ஒத்துழைக்கணும், நிராகரிச்சா நாடு கடத்தல் வழக்கு பாயவும் வாய்ப்பு இருக்கு. அதனால பார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் கட்டாயம், "எனக்குத் தெரிஞ்ச கன்சல்டன்ட்" ஆகாது, இலவசமா எடுத்துக்கற சட்ட உதவி அமைப்பை அந்த உதவி எண்லயே சொல்லுவாங்க.

எங்க சங்கத்துல விழிப்புணர்வு 5கே ஓட்டம் வைக்கலாம்னு இருக்கோம், டி-ஷர்ட் ஸ்பான்சர் கிடைச்சாச்சு. வேற என்ன சேக்கலாம்? – சாக்ரமென்டோ

ஓடுங்க, உடம்புக்கு நல்லது. டி-ஷர்ட் காசுல பாதியை எடுத்து வைங்க, இப்ப சொல்றேன் எதுக்குன்னு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு பையோட வெளில வந்து நின்னா எங்க தூங்க வைப்பீங்க? நிஜமான கூட்டுங்கறது இந்தக் கேள்விக்கு முன்னாடியே பதில் எழுதி வச்சிருக்கறது. ஷெல்டர் ஒருத்தர், சட்ட உதவி ஒருத்தர், கிளினிக் ஒருத்தர், போலீஸ்ல பேர் தெரிஞ்ச ஒரு அதிகாரி, யார் யாருக்கு போன் பண்றது, எந்தத் தகவலை யாருக்குச் சொல்லக் கூடாது, எல்லாம் பேப்பர்ல. குறிப்பா கடைசி விஷயம். பாதிக்கப்பட்டவங்க ஷெல்டர்ல சொன்னது அவங்க சம்மதம் இல்லாம போலீஸ் மேஜைக்குப் போகக் கூடாது, ஒரு தடவை போயிடுச்சுன்னா அந்த ஊர்ல அடுத்த ஆள் வாயைத் திறக்க மாட்டாங்க.

அடுத்தது மொழிபெயர்ப்பு, டி-ஷர்ட் காசு இதுக்குத்தான். தமிழ், தெலுங்கு, நேபாளி, ஆப்கன்காரங்க பேசற டாரி தெரிஞ்ச நாலு பேருக்கு முறையா பயிற்சி குடுத்து கூலியும் குடுங்க. நான் ஒரு கிளினிக்ல தன்னார்வலா மொழிபெயர்த்த காலத்துல ஒரு பொண்ணுகூட "சித்தப்பா" வந்தார், என்னைப் பேசவே விடல, எல்லா கேள்விக்கும் அவரே பதில். நான் மரியாதைக்கு சும்மா இருந்துட்டேன். அந்தப் பொண்ணு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, வருஷம் பல ஆச்சு, இன்னும் மறக்கல. கூட வந்தவரை வெளில உக்கார வைக்கணும், அது ஒண்ணைக் கத்துக்கிட்டாலே போதும்.

இன்னொண்ணு, கமிட்டில அந்த வாழ்க்கையைக் கடந்து வந்தவங்க இருக்கணும், மேடையில அழுது கதை சொல்ல இல்ல, முடிவு எடுக்க. ஃப்ளோரிடாவுல இம்மோகாலி தொழிலாளர் கூட்டணினு 1993-ல இருந்து இருக்கு, தக்காளி பறிக்கிறவங்களே நடத்தறது, பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைட்டி ஆளுங்க. ராத்திரி வண்டிக்குள்ள வச்சுப் பூட்டறது மாதிரி அடிமை வேலைக் கேஸ்ல எல்லாம் உள்ளூர் விவரம் குடுத்து உதவினவங்க. 2011-ல இருந்து ஒரு திட்டம் நடத்தறாங்க, கட்டாய வேலை கண்டுபிடிச்சா அந்தப் பண்ணைகிட்ட பெரிய கம்பெனிங்க தக்காளி வாங்க மாட்டாங்க. போலீஸைவிட பண்ணைக்காரனுக்கு அதுதான் பயம்.

எங்க மளிகைக் கடையில உதவி எண் நோட்டீஸ் ஒட்டலாம்னு இருக்கேன். கல்லா பக்கத்துல ஒட்டினா எல்லார் கண்ணுலயும் படும்தானே? – நேப்பர்வில்

கல்லா பக்கத்துல ஒட்டினா முதலாளியம்மா கண்ணுலயும் படும், கூட நிக்கிற வேலைக்கார அம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க. பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, அங்க மட்டும்தான் யாரும் கூட வர மாட்டாங்க. தமிழ், தெலுங்கு, இந்தி மூணுலயும் போடுங்க, எழுத்து பெருசா. கீழ நம்பரைக் குட்டிக் குட்டித் துண்டா வெட்டி விடுங்க, கிழிச்சு மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிற அளவுக்கு. முதல் துண்டை நீங்களே கிழிச்சிடுங்க, முழுசா இருக்கறதைக் கிழிக்க யாருக்கும் கை வராது.